வெறும் பெட்டகம்

சந்தைக்கு நெல்லேற்றிச் சென்ற வண்டி, மீளும்போது உப்பேற்றி வருமாயின் வண்டிக்காரனுக்கு இருவழியும் கூலி உண்டு. வெறுவண்டியாக மீளுமாயின், மாட்டின் தீனிக்குச் செல்வழிக் கூலியே இருவழிக்கும் ஈடாதல் வேண்டும். கடல் வாணிகத்திலும் அஃதே முறை.

இக்காலத்தில் ஆடையும் பொறியும் விளையாட்டுப் பொருள்களும் பெரும்பாலும் இரும்புப் பெட்டகங்களில் அடைக்கப்பெற்றே கடல் கடக்கின்றன. துறைமுகத்தார் இதனைக் கண்டெய்னர் என்பர். பெட்டகம் என்னும் நம் பழஞ்சொல்லே இதற்குப் போதும். மால்கம் மக்லீன் என்னும் அமெரிக்கர் 1956ஆம் ஆண்டு ஏப்பிரல் 26ஆம் நாள் ‘ஐடியல் எக்ஸ்’ என்னும் கப்பலில் 58 பெட்டகங்களை ஏற்றி, நெவார்க்குத் துறையினின்றும் ஹூஸ்டனுக்கு அனுப்பினார். மூட்டை மூட்டையாகச் சுமந்து நாட்கணக்கில் முடித்த பணி, அன்று தொட்டு மணிக்கணக்கில் முடியலாயிற்று. கப்பற்கூலி குறைந்தது. குறையவே, விற்கும் ஊருக்கு அருகிலேயே பொருளைச் செய்தல் வேண்டும் என்னும் கட்டாயமும் நீங்கியது.

சீனம் 2001ஆம் ஆண்டு உலக வணிக அமைப்பிற் சேர்ந்தபின், உலகின் தொழிற்சாலைகள் பல அங்குக் குடியேறின. அந்நாட்டுப் பொருள்கள் பெட்டகம் பெட்டகமாகப் பசிபிக் மாகடலைக் கடந்து அமெரிக்கா செல்கின்றன. அமெரிக்கா சீனத்துக்கு விற்கும் சோயா மொச்சை முதலியனவோ பெரும்பாலும் பெட்டகமின்றி, கப்பலின் வயிற்றிலேயே கொட்டி அனுப்பப்படுவன. ஆதலின், நிறைந்து சென்ற பெட்டகங்களுட் பல வெறுமையாகவே மீள்கின்றன. அவற்றை மீட்டு வரும் செலவும் செல்வழிக் கூலியிலேயே அடங்கும்.

2020ஆம் ஆண்டில் பெருந்தொற்றினால் வீட்டில் அடைபட்ட அமெரிக்க மக்கள், பொருள்களை வாங்கிக் குவித்தனர். லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச்சுத் துறைமுகங்களில் இடமின்றிக் கப்பல்கள் காத்துக் கிடந்தன. 40 அடிப் பெட்டகம் ஒன்றைச் சாங்காயிலிருந்து அங்குக் கொணர, 2019இல் ஏறத்தாழ 1,500 டாலராக இருந்த கூலி, 2021இல் 10,000 டாலரைக் கடந்தது. அந்நிலையிற் கப்பலுடையார் செய்தது யாது? கலிபோர்னிய உழவரின் வாதுமைப் பருப்பை ஏற்றுவதற்குப் பெட்டகம் உள்நாடு சென்று நிறைந்து மீளப் பல நாள் ஆகும். அதற்குக் கிடைக்கும் கூலியோ சிறிது. ஆதலின் அவர் வெறும் பெட்டகத்தையே விரைந்து சீனத்துக்குத் திருப்பினர். பருப்புக் கிடங்கிலே தேங்கியது. நம் நாட்டு ஏற்றுமதியாளரும் வெறும் பெட்டகம் கிடைக்காது இடருற்றனர். சரக்கைக் காரணமின்றி மறுத்தலைத் தடுக்க, 2022ஆம் ஆண்டு சூன் திங்களில் அமெரிக்கா சட்டம் இயற்றியது. கப்பலுடையார் கணக்கில் வெறும் பெட்டகம் பருப்பினும் விலைமிக்கதாயிற்று என்பது வியப்பேயாயினும், வாணிகக் கணக்கில் அது பிழையன்று. பிழை உழவர்க்கு நேர்ந்த இழப்பை எவரும் எண்ணாமையே.

கூலி உயர்ந்தபோது கப்பலுடையார் புதுக் கப்பல்கள் பலவற்றுக்குப் பணித்தனர். பெருங்கப்பல் கட்டி முடிய ஈராண்டு மூவாண்டு ஆகும். வாணிகமோ அத்துணைக் காலம் காத்திராது. 2023இல் அவை ஒன்றன்பின் ஒன்றாக நீரில் இறங்கியபோது கூலி பழைய நிலைக்கு வீழ்ந்திருந்தது. அவ்வாண்டு நவம்பர் முதல் செங்கடலிற் கப்பல்கள் தாக்கப்பெற்றன. பல கப்பல்கள் சூயசுக் கால்வாயை விடுத்து, ஆப்பிரிக்காவைச் சுற்றிச் சென்றன. மிகையெனத் தோன்றிய புதுக் கப்பல்களுக்கு அந்நெடுவழியே வேலை தந்தது. பெட்டகங்களும் கடலிலேயே மேலும் பல நாள் தங்கவே, 2024இல் சீனத் துறைமுகங்களில் வெறும் பெட்டகத்துக்கு மீண்டும் தட்டுப்பாடு உண்டாயிற்று.