தீவகத்தில் அமுக்கமானிகள்: பழுதும் பேணலும் நியமமும்

அளத்தல் யாவும் ஒப்பிடுதலே. பறையினாலும் கொத்தினாலும் நெல்லை அளந்த யாழ்ப்பாணத்தார்க்கு இவ்வுண்மை புதியதன்று. ஒரு கொத்தின் கொள்ளளவில் ஐயம் எழுந்தால், ஐயத்திற்கு இடமில்லாத மற்றொரு கொத்தை வருவித்து ஒப்பிட்டே அதனைத் தீர்த்தனர். இன்றைய அறிவியற் கருவிகளுக்கும் இது பொருந்தும். ஐயத்திற்கிடமில்லாத அந்த இரண்டாவது அளவையையே நியமம் என்கிறோம். கருவி காட்டும் அளவை நியமத்தோடு ஒப்பிட்டு வேறுபாட்டைக் கண்டறிதல் அளவுகோடிடல் எனப்படும்.

குருதி அமுக்கத்தை அளக்கும் கருவிகள் நெடுந்தீவு, நயினாதீவு, ஊர்காவற்றுறை போன்ற இடங்களில் எவ்வாறு பழுதடைகின்றன, அவற்றை எவ்வாறு பேணலாம் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தமிழகத்தார் அழுத்தம் என்பதை ஈழத்துப் பாடநூல்கள் அமுக்கம் என வழங்குவதால் அச்சொல்லே இங்குக் கையாளப்படுகிறது.

அளவும் முடிவும்

கருவுற்ற தாய்க்கு இருபதாவது வாரத்தின் பின்னர் குருதி அமுக்கம் 140/90 மி.மீ. இரசம் என்னும் அளவை எட்டினால், அது எச்சரிக்கையாகக் கொள்ளப்படுகிறது. யாழ்ப்பாண நகரில் இவ்வெச்சரிக்கை ஒரு வைத்தியசாலையிலிருந்து மற்றொன்றுக்கு வண்டியில் அனுப்புவதோடு அமைந்துவிடும். நெடுந்தீவில் அதன் பொருள் வேறு. குறிகட்டுவான் இறங்குதுறைக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடற்பயணம். அதன்பின் புங்குடுதீவு, வேலணை வழியாகத் தரைப்பயணம். சோளகமோ வாடையோ கடுமையாக வீசும் நாளில் அப்பயணமே ஓர் இடர்.

கருவி 8 மி.மீ. குறைத்துக் காட்டுமாயின், உண்மையில் 146 ஆக உள்ள அமுக்கம் 138 எனப் பதிவாகும். அனுப்பப்படவேண்டிய தாய் தீவிலேயே தங்கிவிடுவாள். மிகுத்துக் காட்டுமாயின், தேவையின்றி ஒரு தாய் கொந்தளிக்கும் கடலைக் கடக்க நேரும். ஆகவே, கருவியின் பிழை இங்கு வெறும் எண்பிழையன்று.

நியமத்தைத் தன்னுள் கொண்ட கருவி

1643 இல் ரொரிசெல்லி கண்ட இரசப் பாரமானியின் சிறப்பு அதன் எளிமையிலே தங்கியுள்ளது. இரச நிரலின் உயரம், இரசத்தின் அடர்த்தி, புவியீர்ப்பு ஆகிய மூன்றுமே அமுக்கத்தைத் தீர்மானிக்கின்றன. இவற்றுள் எதுவும் தேய்வதில்லை, களைப்பதில்லை. 1896 இல் றீவா-றொச்சி அமைத்த குருதி அமுக்கமானியும் இதே தத்துவத்தினது. இரசம் தூயதாகவும், குழாய் நிலைக்குத்தாகவும், தொடக்க மட்டம் சுழியிலும் இருந்தால் அக்கருவி தனக்குத் தானே நியமமாகும்.

1844 இல் விதீ என்பார் அமைத்த திரவமில் பாரமானியும், 1849 இல் பூர்தோன் உரிமம் பெற்ற வளைகுழாய் மானியும் வேறு வகையின. மெல்லிய உலோகத்தகடோ குழாயோ அமுக்கத்தினால் சிறிது அசைய, அவ்வசைவைப் பற்சில்லுகள் பெருக்கிக் காட்டியைத் திருப்புகின்றன. முகப்பு வட்டமான குருதி அமுக்கமானியும் இவ்வினத்ததே. இவை இலகுவானவை, எடுத்துச் செல்ல ஏற்றவை. ஆயின் உலோகத்தின் மீள்தன்மையை நம்பியவை. அம்மீள்தன்மை காலத்தால் மாறும். எனவே இவை பிறிதொரு நியமத்தோடு இடையிடையே ஒப்பிடப்படல் வேண்டும்.

இரசத்தின் நச்சுத்தன்மை யாவரும் அறிந்ததே. யப்பானின் மினமாட்டா நகரத்துத் துயரத்தை நினைவுகூரும் பெயரோடு 2013 இல் ஏற்கப்பட்ட உடன்படிக்கை 2017 ஆகஸ்ட் 16 இல் நடைமுறைக்கு வந்தது. இரசம் கொண்ட பாரமானி, வெப்பமானி, குருதி அமுக்கமானி முதலியவற்றின் உற்பத்தியையும் ஏற்றுமதி இறக்குமதியையும், சில விதிவிலக்குகள் நீங்கலாக, 2020 உடன் நிறுத்த அது வகைசெய்தது. இம்முடிவு முற்றிலும் நியாயமானது. எனினும் அதன் விளைவொன்று போதிய கவனத்தைப் பெறவில்லை. இரசக் கருவி விலகுமிடத்து அதனோடு நியமமும் விலகுகிறது. நாட்டின் அளவீட்டு நியமங்கள் ஹோமாகமவிலுள்ள அளவீட்டு அலகுகள், நியமங்கள், சேவைகள் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளன. அவ்விடத்துக்கும் நெடுந்தீவுக்கும் இடையே நாட்டின் பெரும்பகுதியும் கடலும் கிடக்கின்றன.

உப்புக்காற்றின் வேலை

தீவுகளில் கருவி பழுதடையும் வழிகள் பெரும்பாலும் மூன்று. முதலாவது, உப்பு ஈரம். காற்றிற் கலந்துவரும் உப்புத்துகள் ஈரத்தை ஈர்த்துப் பற்சில்லுகளிலும் மயிர்வில்லிலும் படிந்து அரிப்பை உண்டாக்கும். அதனால் உராய்வு மிகும். காட்டி தயங்கித் தயங்கி நகரும். அமுக்கம் ஏறும்போது ஓரளவையும் இறங்கும்போது மற்றோரளவையும் கருவி காட்டுவது இதன் அறிகுறி. இரண்டாவது, வெப்பம். றப்பர்க் குமிழும் குழாய்களும் கைப்பட்டியின் உட்பையும் வெடித்துக் கசியத் தொடங்கும். மூன்றாவது, அதிர்ச்சி. வள்ளத்தின் தளத்தில் வைக்கப்பட்ட பெட்டி ஒவ்வோர் அலைக்கும் குலுங்க, காட்டி அச்சிலிருந்து நழுவும்; தகடும் நிலையாக நெளிந்துவிடலாம்.

இவற்றைக் கண்டறியும் முதற் சோதனைகள் எளியவை. காற்று நீங்கிய நிலையில் காட்டி சுழியில் நிற்கிறதா எனப் பார்த்தல் வேண்டும். கைப்பட்டியை ஒரு போத்தலைச் சுற்றிக் கட்டி, 200 வரை அமுக்கம் ஏற்றி, வால்வை மூடி ஒரு நிமிடம் காத்தல் வேண்டும். 4 மி.மீ.க்கு மேல் இறங்குமாயின் கசிவு உண்டு. குழாயை இடையிடையே நெரித்துப் பார்த்தால் கசிவின் இடம் புலப்படும். குமிழ், குழாய், உட்பை என்பவற்றை மாற்றுவதும் வால்வைக் கழற்றித் துடைப்பதும் அவ்விடத்திலேயே செய்யக்கூடியவை.

சுழி சரியாயிருப்பதால் கருவி சரியென்று கொள்ளுதல் தவறு. சுழியிற் சரியாக நின்று 140 இற் பிழைக்கும் கருவி உண்டு. அதனினும் கேடானது, முகப்புக் கண்ணாடியைத் திறந்து காட்டியைக் கையால் சுழிக்குத் திருப்புதல். இதனால் நோய் நீங்குவதில்லை. நோயின் அறிகுறியே மறைகிறது.

பயணம் செய்யும் நியமம்

தீவுக்குக் கருவிகளைச் சோதிக்கச் செல்லும் தொழினுட்பவியலாளர் எடுத்துச் செல்வது கையடக்கமான இலத்திரனியல் அமுக்க அளவுகோடி. அதன் உள்ளே, அமுக்கத்தால் மின்தடை மாறும் சிலிக்கன் உணரியும் சிறு கைப்பம்பியும் உள்ளன. இதுவும் பேணப்படவேண்டிய பொருளே. பற்றரிகளைப் பயன்படுத்தாத காலத்தில் கழற்றி வைத்தல், இணைப்புகளின் றப்பர் வளையங்களில் வெடிப்பு நோக்குதல், நீரோ எண்ணெயோ உணரியுள் புகாது தடுத்தல், எல்லை மீறி அமுக்கம் ஏற்றாமை, ஈரமுறிஞ்சும் சிலிக்காக் கூழ்ப்பொதியோடு இறுக மூடிய பெட்டியில் வைத்தல், குறித்த தவணையில் உயர்நியமத்தோடு ஒப்பிடுதல் ஆகியன இன்றியமையாதன.

இவற்றோடு மேலுமொன்று வேண்டும். 1648 செப்தெம்பர் 19 ஆம் நாள் பாஸ்காலின் மைத்துனர் பெரியே, மலையுச்சியிற் காற்றமுக்கம் குறைவதைக் காட்ட இரசக் குழாயுடன் ஏறினார். ஏறுமுன் அதே போன்ற மற்றொரு குழாயை அடிவாரத்திலே வைத்து, நாள் முழுவதும் அதனைக் கண்காணிக்க ஒருவரை அமர்த்தினார். கீழே அளவு மாறவில்லை என்பது உறுதியானபோதே மேலே கண்ட மாற்றம் சான்றாயிற்று. தீவுக்குச் செல்லும் அளவுகோடியையும் புறப்படுமுன் ஒருமுறையும் திரும்பியபின் ஒருமுறையும் யாழ்ப்பாணத்தில் இருக்கும் ஒரே கருவியோடு ஒப்பிடல் வேண்டும். இரு ஒப்பீடுகளும் ஒத்திருந்தாலன்றி, இடையிற் செய்த சோதனைகளை நம்ப இயலாது.

தீவிலே இருக்கக்கூடிய நியமம்

இரசம் விலகிய இடத்தில் நீரை நிறுத்தலாம் என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து. நீர் இரசத்திலும் ஏறத்தாழ 13.6 மடங்கு இலேசானது. ஆகவே நிரல் உயரமாக வேண்டும்; ஆனால் எட்டமுடியாத உயரமன்று. 3 மீற்றர் உயரமுள்ள இரு புயங்கள் கொண்டவாறு தெளிந்த பிளாத்திக்குக் குழாயொன்றைச் சுவரில் நிலைக்குத்தாகப் பொருத்தி, அரைப்பங்கு நீர் நிரப்பினால் 200 மி.மீ. இரசம் வரை அளக்கலாம். ஒரு புயத்தின் வாயை, முக்கிளைக் குழாய் வழியாகக் குமிழுடனும் சோதிக்கும் மானியுடனும் இணைத்தல் வேண்டும். மற்றைய வாய் திறந்திருக்கும். இரு நீர்மட்டங்களுக்கும் இடையிலான உயரமே அளவு.

பாடநூற் கணிப்பின்படி 100 மி.மீ. இரசம் 1.360 மீற்றர் நீருக்குச் சமம். எனினும் அது 4 பாகை வெப்பநிலை நீருக்கும் நியமப் புவியீர்ப்புக்கும் உரியது. யாழ்ப்பாணத்தின் அகலக்கோட்டில் புவியீர்ப்பு சற்றுக் குறைவு. 30 பாகையில் நீரின் அடர்த்தியும் குறைவு. இரண்டையும் சேர்த்துக் கணித்தால் இங்கு 1.369 மீற்றர் வேண்டும். அதன்படி 90 மி.மீ.க்கு 1.232 மீற்றரும், 140 மி.மீ.க்கு 1.917 மீற்றரும், 200 மி.மீ.க்கு 2.738 மீற்றரும் சுவரிற் குறிக்கப்படல் வேண்டும்.

நீரின் தூய்மை பற்றியும் கூறவேண்டும். நெடுந்தீவின் முருகைக்கல் நிலத்தில் நன்னீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாகவே மிதக்கிறது. பல கிணறுகள் உவரானவை. கடல்நீரின் அடர்த்தி நன்னீரிலும் நூற்றுக்கு இரண்டு முதல் மூன்று வரை மிகுதி. அதனைக் குழாயிலிட்டால் 140 என்ற குறியில் 3 தொடக்கம் 4 மி.மீ. வரை பிழை நேரும். புதிய மானிக்கு அனுமதிக்கப்படும் பிழையே 3 மி.மீ. தான். எனவே காய்ச்சிவடித்த நீரோ தூய மழைநீரோ பயன்படுத்துக. குழாயில் காற்றுக்குமிழி நிற்கலாகாது. அமுக்கத்தை மெல்லவே இறக்குக, அன்றேல் நீர் மேலெழுந்து மானியுள் புகும்.

ஏறுமுகத்திலும் இறங்குமுகத்திலும் குறிகளை ஒப்பிட்டு நாளும் அளவும் பதிவேட்டில் எழுதிவைத்தல் வேண்டும். பிழைத்த மானியைப் பயன்பாட்டினின்று நீக்கி, பஞ்சணைப்போடு பொதிசெய்து, ஒருவர் மடியில் வைத்துக் கொண்டுசெல்லுமாறு அனுப்புதல் நன்று. திருத்தப்பட்டு மீண்டுவந்ததும் மறுபடியும் சோதிக்கவேண்டும். திருத்தியவரின் சான்றிதழ் கடற்பயணத்துக்கு முற்பட்டதாகும்.

தானியங்கி இலத்திரனியல் மானிகளைப் பொறுத்தவரை, இந்நிரலால் அவற்றின் உணரியை மட்டுமே சோதிக்கலாம். நாடித்துடிப்பின் அலைவிலிருந்து அவை குருதி அமுக்கத்தைக் கணிக்கும் முறை சரியானதா என்பதை இது காட்டாது. அதற்கு மருத்துவ முறையிலான தனிச்சோதனை வேண்டும். நீர்நிரல் தேசிய நியமத்துக்கு மாற்றீடும் அன்று. உயர்நியமத்தோடு ஒப்பிடும் தவணைகளுக்கு இடையே, எந்தக் கருவியை நம்பலாம், எதனை நம்பலாகாது என்று தீவிலுள்ளோரே தெளிய அது துணைசெய்யும்.

ஒரு குழாய், ஓர் அளவுகோல், மழைநீர், ஒரு பதிவேடு ஆகியவற்றுக்கு ஆகும் செலவு சிறிது. கடல் கடக்கவேண்டிய தாய் யார், கடக்கவேண்டாதவள் யார் என்பதைக் கூறும் எண் நம்பத்தக்கதாயிருத்தல் அதனாற் கைகூடும்.