வால்வு மூடி ஒழுகுகிறதா?

பீகார் மாநிலம், கங்கைச் சமவெளியில் ஒரு கிராமம். டிசம்பர் மாதக் குளிர். ஒரு சிறு விவசாயக் குடும்பம் கோதுமை விதைத்து 21 நாள் ஆகிறது. இன்று முதல் தண்ணீர் பாய்ச்ச வேண்டும்.

கோதுமைக்கு முதல் தண்ணீர் மிகவும் முக்கியம். விதைத்த 20 முதல் 25 நாளுக்குள் அதைப் பாய்ச்ச வேண்டும். அந்த நாட்களில்தான் பயிரின் அடித்தண்டில் புதிய வேர்கள் இறங்கும். அப்போது மண் காய்ந்து கிடந்தால் வேர் சரியாகப் பிடிக்காது. தூர் குறையும். கதிரும் குறையும்.

வயலில் ஆழ்குழாய் இருக்கிறது. அதன் பக்கத்தில் டீசலில் ஓடும் ஆயில் என்ஜின் இருக்கிறது. கணவர் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினார். என்ஜின் ஓடியது. தண்ணீரும் வந்தது. ஆனால் சற்று நேரத்தில் என்ஜினின் தலையில் இருந்து எண்ணெய் வழியத் தொடங்கியது. சூடான சைலன்சரில் சொட்டிப் புகைந்தது. கணவர் என்ஜினை நிறுத்தினார்.

"வால்வு மூடி போய்விட்டது. கடைக்குப் போய்ப் புது மூடி வாங்கி வருகிறேன். நானே மாட்டிவிடுகிறேன்" என்றார்.

"கொஞ்சம் பொறுங்க. போனது மூடிதானா என்று முதலில் பார்ப்போம்" என்றார் மனைவி.

மனைவி சொன்னது சரியான பேச்சு. எந்தப் பழுதையும் சரிசெய்யும் முன் அது எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். அதன் பிறகே யார் சரிசெய்வது என்று முடிவு செய்ய வேண்டும்.

மூடி என்ன செய்கிறது?

டீசல் என்ஜினின் தலைப்பகுதியில் இரண்டு வால்வுகள் உண்டு. ஒன்று காற்றை உள்ளே விடும். மற்றொன்று புகையை வெளியே விடும். ராக்கர் என்னும் இரும்புக் கைகள் இந்த வால்வுகளை அழுத்தித் திறக்கின்றன. ஸ்பிரிங்குகள் அவற்றை மூடுகின்றன.

பம்புக்குப் பயன்படும் பல என்ஜின்கள் நிமிடத்துக்கு 1500 சுற்று ஓடுபவை. அப்படி ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 750 தடவை திறந்து மூடும். இவ்வளவு வேகமாக அசையும் பாகங்களுக்கு எண்ணெய் வேண்டும். தூசியும் மண்ணும் அங்கே போகக் கூடாது.

அதற்காகத்தான் மேலே ஒரு மூடி இருக்கிறது. அது எண்ணெயை வெளியே விடாது. தூசியை உள்ளே விடாது. சில என்ஜின்களில் இந்த மூடி இரும்புத் தகட்டால் ஆனது. சிலவற்றில் வார்த்த அலுமினியத்தால் ஆனது. மூடிக்கும் என்ஜினுக்கும் நடுவே மெத்தை போல ஒரு கேஸ்கட் இருக்கும். சிலர் அதைப் பேக்கிங் என்பார்கள். அது கார்க்கு, ரப்பர் அல்லது தடித்த காகிதத்தால் செய்யப்பட்டது.

கேஸ்கட் சூட்டிலும் எண்ணெயிலும் கிடந்து நாளடைவில் கெட்டிப்படும். பிறகு வெடிக்கும். ஆகவே மூடி ஓரத்தில் எண்ணெய் வந்தால், பெரும்பாலும் கெட்டது கேஸ்கட்தான். மூடி நன்றாகவே இருக்கும்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

என்ஜின் நன்றாக ஆற வேண்டும். பிறகு அதன் தலைப்பகுதியைத் துணியால் சுத்தமாகத் துடைக்க வேண்டும். மீண்டும் பத்து நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும். எண்ணெய் மேலிருந்து கீழே வழியும். ஆகவே ஈரம் தெரியும் இடங்களில் எது மிக மேலே இருக்கிறதோ அதுதான் ஒழுகும் இடம்.

இதைப் பார்க்கும்போது வேட்டி, சேலை, துண்டு எதுவும் பெல்ட்டின் பக்கம் தொங்கக் கூடாது. கதவை மூடிய கொட்டகையிலோ கிணற்றுக் குழிக்குள்ளோ என்ஜினை ஓட்டக் கூடாது. அதன் புகையில் உயிரைக் கொல்லும் விஷ வாயு உண்டு. அந்த வாயுவுக்கு மணம் கிடையாது.

ஓட்டிப் பார்க்கும்போது நான்கு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. வழிவது எண்ணெயா, டீசலா? எண்ணெய் கெட்டியாக, பிசுபிசுப்பாக இருக்கும். டீசல் தண்ணீர் போல இருக்கும். மணமும் வேறு. டீசல் ஒழுகினால் அது குழாயின் பழுது. மூடிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. ஓடும் என்ஜினில் டீசல் பீய்ச்சி அடிக்கும் இடத்தில் விரலை வைக்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். அப்படி நேர்ந்தால் காயம் சிறிதாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

2. எண்ணெய் மூடியின் ஓரத்தில் வருகிறதா, மேலே உள்ள நட்டின் அடியில் வருகிறதா? நட்டின் அடியில் வந்தால் சின்ன வாஷரை மாற்றினால் போதும்.

3. மூடியில் விரிசல் தெரிகிறதா? விரிசல் இருந்தால் மூடியைத்தான் மாற்ற வேண்டும். பசை போட்டு அடைப்பது சில நாளுக்குத்தான் தாங்கும்.

4. என்ஜினின் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறதா? என்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியே விட ஒரு வழி உண்டு. மெக்கானிக்குகள் அதைப் பிரீதர் என்பார்கள். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடும். அந்த அழுத்தம் எண்ணெயைக் கேஸ்கட் வழியாக வெளியே தள்ளும். அப்போது எத்தனை கேஸ்கட் போட்டாலும் ஒழுகும். முதலில் அடைப்பை எடுக்க வேண்டும்.

ஒழுகல் சிறிதுதானே என்று விடலாமா?

ஒழுகும் இடத்தின் கீழே ஒரு டப்பாவை வைத்து ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாம். டப்பாவில் 50 மில்லி சேர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரத்தில் 400 மில்லி போகும். பத்து நாளில் 4 லிட்டர் போகும். இது எண்ணெய்க்கு ஆகும் செலவு மட்டும்.

எண்ணெய் குறைந்துபோன என்ஜின் சூடாகும். பேரிங் தேயும். பிஸ்டன் இறுகிவிடும். அப்போது என்ஜினை முழுவதும் பிரிக்க வேண்டி வரும். பெரும் செலவும் பல நாள் தாமதமும் ஆகும். அதற்குள் பயிர் காய்ந்துவிடும்.

யார் செய்யலாம்? எதை விட்டுவிட வேண்டும்?

மூடியைக் கழற்றி கேஸ்கட் மாற்றுவது சின்ன வேலை. கை சுத்தமும் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் மூடிக்கு அடியில் இருப்பது சின்ன வேலை இல்லை. அங்கே உள்ள திருகுகளை அரைச் சுற்று திருப்பினாலும் வால்வு சரியாக மூடாமல் போகலாம். என்ஜின் இழுக்காது. வால்வும் கருகும்.

கீழே சொன்னவற்றில் ஒன்று இருந்தாலும் மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும்.

நட்டு பிடிக்கும் திருகு ஒடிந்திருந்தால், அல்லது அதன் மரை தேய்ந்திருந்தால்.

மூச்சுக்குழாயில் அடைப்பு இல்லாமலே புகை வேகமாக வந்துகொண்டிருந்தால். இது பிஸ்டன் வளையங்கள் தேய்ந்ததன் அடையாளமாக இருக்கலாம்.

அளவுக் குச்சியில் எண்ணெய் மோர் போல வெளுத்திருந்தால். எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று பொருள். இந்த என்ஜினை ஓட்டவே கூடாது.

டீகம்ப்ரஷன் லீவர் மூடியோடு சேர்ந்திருந்தால். சில என்ஜின்களில் இப்படி இருக்கும். மூடியைக் கழற்றி மாட்டிய பிறகு அந்த லீவரை அளவு பார்த்து வைக்க வேண்டும். முதல் தடவை மெக்கானிக் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்துக் கற்றுக்கொள்வது நல்லது.

என்ஜின் புதியதாக இருந்து உத்தரவாதக் காலம் முடியாமல் இருந்தால். உத்தரவாத அட்டையைப் படித்துப் பார்க்க வேண்டும். நாமே திறந்தால் இலவசப் பழுதுபார்ப்பு கிடைக்காமல் போகலாம்.

கடைக்குப் போகும் முன்

ஒவ்வொரு என்ஜினிலும் ஒரு பெயர்த் தகடு உண்டு. அதில் கம்பெனியின் பெயர், மாடல், எண், குதிரைத் திறன், சுற்று ஆகியவை எழுதியிருக்கும். அவற்றை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். பழைய கேஸ்கட்டையும் கையோடு எடுத்துப் போக வேண்டும்.

ராஜ்கோட்டிலும் புனேயிலும் இன்னும் பல ஊர்களிலும் ஆயில் என்ஜின்கள் செய்யப்படுகின்றன. பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் பாகங்களின் அளவு மாறும். "அஞ்சு குதிரை என்ஜினுக்கு ஒரு கேஸ்கட் கொடுங்க" என்று கேட்டால் தவறான சாமான் வரலாம். எண்ணைப் படித்துக் கேட்பவரை ஏமாற்றுவது கடினம்.

மாற்றும் முறை

என்ஜின் முழுவதும் ஆறட்டும். டீசல் வரும் குழாயை அடைக்க வேண்டும். ஹேண்டிலை எடுத்து வைக்க வேண்டும்.

மூடியைச் சுற்றியுள்ள மண்ணையும் பிசுக்கையும் முதலில் துடைக்க வேண்டும். துடைக்காமல் திறந்தால் மண் உள்ளே விழும்.

சரியான அளவு ஸ்பேனரை எடுக்க வேண்டும். அளவு அதன் மேலேயே எண்ணாக எழுதியிருக்கும். கழற்றிய நட்டுகளையும் வாஷர்களையும் எண்ணி ஒரு கிண்ணத்தில் போட வேண்டும்.

மூடி ஒட்டிக்கொண்டிருந்தால் பக்கவாட்டில் மரக்கட்டையால் மெதுவாகத் தட்டலாம். உளியை இடுக்கில் விட்டு நெம்பக் கூடாது.

திறந்த இடத்தைச் சுத்தமான துணியால் மூடி வைக்க வேண்டும். ஒரு வாஷர் உள்ளே விழுந்தாலும் ஆபத்து. பழைய கேஸ்கட்டை மரச் சில்லால் சுரண்டி எடுக்க வேண்டும். துகள் உள்ளே விழக் கூடாது.

கழற்றிய மூடியைச் சமமான கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்துப் பார்க்க வேண்டும். ஆடாமல் உட்கார்ந்தால் மூடி நல்லது. ஆடினால் ஓரம் வளைந்திருக்கிறது. புது மூடி வேண்டும்.

புதுக் கேஸ்கட்டைச் சரியாக உட்கார வைத்து மூடியை வைக்க வேண்டும். நட்டுகளை முதலில் கையால் திருக வேண்டும். பிறகு ஸ்பேனரால் ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். பலம் காட்டக் கூடாது. அதிகம் இறுக்கினால் கேஸ்கட் நசுங்கும். தகடும் வளையும். நன்றாக இறுக்கினால் ஒழுகாது என்று நினைத்துத்தான் பலர் நல்ல மூடியைக் கெடுக்கிறார்கள்.

கடைசியாக எண்ணெய் அளவைப் பார்க்க வேண்டும். குறைந்திருந்தால் ஊற்ற வேண்டும். பத்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, மூடியின் ஓரத்தைப் பார்க்க வேண்டும். துடைத்த எண்ணெய்த் துணியை வாய்க்காலிலோ கிணற்றிலோ போடக் கூடாது.

வயலுக்குத் தண்ணீர் வந்தது

அந்தக் கணவனும் மனைவியும் என்ன செய்தார்கள்? என்ஜினைத் துடைத்து ஓட்டிப் பார்த்தார்கள். எண்ணெய் மூடியின் ஓரத்தில்தான் வந்தது. விரிசல் இல்லை. லீவர் மூடியோடு சேர்ந்திருக்கவில்லை. அளவுக் குச்சியில் எண்ணெய் வெளுத்திருக்கவில்லை. ஆனால் மூச்சுக்குழாய் வாயில் பிசுக்கும் மண்ணும் சேர்ந்து அடைத்திருந்தது.

கணவர் அதைச் சுத்தம் செய்தார். மூடியைக் கழற்றினார். கேஸ்கட் கல் போலக் கெட்டிப்பட்டு இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. மூடி கண்ணாடி மேல் ஆடாமல் உட்கார்ந்தது.

மனைவி எழுத்தறிவு வகுப்பில் படித்தவர். பெயர்த் தகட்டைத் துடைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். தாளில் எழுதிக் கணவர் கையில் கொடுத்தார்.

"நாளைக்கு 22-ம் நாள்தான். 25 வரைக்கும் நேரம் இருக்கு. அவசரப்பட்டு இறுக்கிவிடாதீங்க" என்றார்.

கணவர் சிரித்தார். "நட்டை எண்ணி வைத்திருக்கிறாயா?" என்று கேட்டார்.

"கிண்ணத்தில் இருக்கு. வாஷரோடு எண்ணியாச்சு."

மறுநாள் மதியம் என்ஜின் ஓடியது. மூடியின் ஓரம் காய்ந்திருந்தது. தண்ணீர் கோதுமை வயலில் பாய்ந்தது. புது மூடி வாங்கும் செலவு மிச்சமானது.

அன்று இரவு மனைவி குறிப்பேட்டில் தேதியைப் போட்டு எழுதினார்: "கேஸ்கட் மாற்றியது. மூச்சுக்குழாய் துடைத்தது. எண்ணெய் ஊற்றியது." அடுத்த தடவை ஒழுகினால் அந்தப் பக்கம் பேசும்.

யோசித்துப் பாருங்கள்

1. உங்கள் ஊரில் உள்ள ஒரு என்ஜினின் பெயர்த் தகட்டில் என்ன எழுதியிருக்கிறது? படித்து எழுதுங்கள்.

2. ஒரு மணிக்கு 30 மில்லி எண்ணெய் ஒழுகுகிறது. தினமும் 6 மணி நேரம் ஓட்டினால் 10 நாளில் எவ்வளவு போகும்?

3. எந்த நேரத்தில் மூடியைத் தொடாமல் மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும்? மூன்று காரணங்கள் சொல்லுங்கள்.