பிறர் காரியம் பார்ப்பதும் ஒரு தொழிலே

படிப்பு முடிந்ததும் வேலை தேடுவது ஒன்றே வழி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். தேவையைக் கண்டறிந்தால் வேலையை நாமே உண்டாக்கிக் கொள்ளவும் முடியும். அத்தகைய தொழில்களுள் ஒன்று, நேரமில்லாதவர்களுக்காக அவர்களுடைய வெளிவேலைகளைச் செய்து கொடுக்கும் சேவை. இதனைக் 'கான்சியர்ஜ்' சேவை என்பர்.

கான்சியர்ஜ் என்பது கட்டடத்தின் வாயில்காப்போரைக் குறித்த பிரெஞ்சுச் சொல். பின்னர் பெரிய ஓட்டல்களில் விருந்தினருக்கு வேண்டியவற்றை ஏற்பாடு செய்பவரும் இப்பெயர் பெற்றார். 1929-இல் பாரிஸ் நகரில் இவர்கள் தமக்கென ஒரு சங்கம் அமைத்தனர். குறுக்காக வைத்த இரு தங்கச் சாவிகளே அவர்களின் சின்னம். பிறருடைய சாவியை நம்பிக் கொடுக்கத்தக்கவர் என்பதைவிட உயர்ந்த பெருமை வேறென்ன?

நமது ஓசூரில் இச்சேவைக்கு இடமுண்டா? சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின், 1980-இல் அசோக் லேலண்டு, டி.வி.எஸ். ஆலைகளும், அதே பத்தாண்டில் டைட்டன் கடிகார ஆலையும் இங்கு இயங்கத் தொடங்கின. அண்மையில் மின்னணு ஆலைகளும் பெருகியுள்ளன. வெளியூரிலிருந்து வந்து விடுதிகளில் தங்கிப் பணிபுரியும் பெண்கள் ஏராளம். ஷிப்டு முடிந்து வருவதற்குள் அலுவலகங்கள் மூடிவிடுகின்றன. ஒரு சிறு காரியத்திற்காக ஒரு நாள் விடுப்பும் ஊதியமும் இழப்போர் பலர். பணம் கட்டுவதைக் கைபேசி செய்துவிடும். ஆனால் இரத்தப் பரிசோதனை முடிவை வாங்கி வரவும், பழுதான மிக்ஸியைக் கடையில் கொடுத்து வாங்கவும், வயதான தாயாரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும் கைபேசிக்குக் கால்கள் இல்லையே! தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசத் தெரிந்த ஓசூர்ப் பெண், ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளியிலும் தயங்காமல் காரியம் முடிப்பாள்.

சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூர் நமக்கு இரு பாடங்கள் தருகிறது. 1998-இல் திபாலி சிக்கந்த் என்ற பெண்மணி அங்கு 'லே கான்சியர்ஜ்' நிறுவனத்தைத் தொடங்கி, அலுவலக ஊழியர்களின் சொந்த வேலைகளைச் செய்து கொடுப்பதையே தொழிலாக்கிக் காட்டினார். 2014-இல் தோன்றிய 'டன்சோ' வாட்ஸ்அப் மூலம் சிறு வேலைகளை ஏற்றுப் புகழ் பெற்றது. பின்னர் அது சில நிமிடங்களில் மளிகை கொண்டு தரும் போட்டியில் இறங்கியது. 2022-23 நிதியாண்டில் சுமார் 1,800 கோடி ரூபாய் நஷ்டமடைந்து, 2025 தொடக்கத்தில் சேவையே நின்றுபோயிற்று. வேலை குவிவது மட்டும் வெற்றியன்று. ஒவ்வொரு வேலையும் தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும்.

ஓர் எளிய கணக்கைப் பார்ப்போம். ஒரு வேலைக்கு 40 ரூபாய் கட்டணம் என்க. ஸ்கூட்டரில் 8 கிலோமீட்டர் சென்று வர 20 ரூபாய் பெட்ரோல் ஆனால், ஒரு மணி நேர உழைப்புக்கு மிஞ்சுவது 20 ரூபாயே. அதே வழியில் மூவரின் வேலைகளைச் சேர்த்து முடித்தால் 100 ரூபாய் மிஞ்சும். ஆகவே ஒரே விடுதி, ஒரே தெரு என்று தொடங்குக. காலையில் வேலைகளைப் பெற்று, வழி வகுத்துக்கொண்டு புறப்படுக.

முதலீடு அதிகம் தேவையில்லை. ஒரு கைபேசி, ஒரு வண்டி, ஒரு கணக்கு நோட்டு போதும். மத்திய அரசின் 'உத்யம்' பதிவு இலவசம். வங்கிக் கடன் கேட்கும்போது அது உதவும்.

உண்மையான முதல் நாணயமே. பொருள் வாங்கும் பணத்தை முன்னதாகப் பெற்று, ரசீதுடன் மீதிச் சில்லறையையும் அன்றே ஒப்படைக்க வேண்டும். ஏ.டி.எம். இரகசிய எண்ணையோ ஓ.டி.பி.யையோ எவர் கொடுத்தாலும் வாங்கலாகாது. ஒருவர் வீட்டில் கண்டதை மற்றொரு வீட்டில் பேசலாகாது. முடியாத வேலையை முதலிலேயே மறுத்துவிட வேண்டும். அறிமுகமற்ற இடத்திற்குத் தனியே செல்லாமல், போகுமிடத்தை வீட்டில் சொல்லிச் செல்ல வேண்டும்.

"இது எடுபிடி வேலைதானே?" என்று சிலர் ஏளனம் செய்யலாம். அன்னையர் வீட்டில் ஊதியமின்றிச் செய்துவரும் வேலைகளே இவை. அதனால்தான் இவற்றுக்கு விலையில்லை என்று உலகம் எண்ணிவிட்டது. காலையில் நாம் பார்த்து முடித்த ஒரு காரியத்தால், ஆலையில் நிற்கும் ஒரு சகோதரியின் ஒரு நாள் கூலி காப்பாற்றப்படுகிறது. அதில் ஒரு பங்கைக் கூலியாகக் கேட்பதில் வெட்கம் ஏதுமில்லை. தோழியரே, துணிந்து தொடங்குவோம், நாணயத்தால் வளர்வோம்!