வேகம் ஒன்று, வார்த்தை பல

'ஃபாஸ்ட்', 'க்விக்', 'ஹேஸ்டி' என்னும் மூன்று ஆங்கிலப் பதங்களுக்கும் 'வேகமான' என்று ஒரே அர்த்தத்தை நெட்டுருப் போடும் மாணவர்கள் பலர். ஆனால் அவற்றை இடம் மாற்றி வைத்தால் விபரீதம் விளையும்.

ஓடும் பொருளின் கதியைக் கூறுவது 'ஃபாஸ்ட்'. ரயிலுக்கும் குதிரைக்கும் அது பொருந்தும். சொற்ப நேரத்தில் முடியும் காரியம் 'க்விக்'. கேட்டவுடன் வரும் பதில் அத்தகையது.

இவற்றின் பூர்வ கதை விநோதமானது. பழைய ஆங்கிலத்தில் 'ஃபாஸ்ட்' என்றால் அசையாதது, உறுதியானது என்று பொருள்! சாயம் போகாத நிறத்தை இன்றும் 'ஃபாஸ்ட் கலர்' என்கிறார்கள். உறுதியாக ஓடுவதே நாளடைவில் விரைந்து ஓடுவதாயிற்று. 'க்விக்' என்பதோ உயிருள்ளது. உருண்டோடும் பாதரசத்துக்கு 'க்விக்ஸில்வர்', அதாவது உயிருள்ள வெள்ளி, என்று பெயர் வந்தது அதனால்தான். வேகத்தையே குறிக்கும் 'ஸ்பீட்' என்ற சொல்லுக்கும் ஆதியில் வெற்றி, சுபிட்சம் என்பவையே அர்த்தம்.

'ஹேஸ்டி'யில் மட்டும் நிந்தை கலந்திருக்கிறது. யோசியாமல் அவசரப்படுவதை அது சொல்லும். சட்டென்று தீர்மானிக்கும் திறமைசாலி என்று புகழ எண்ணி, ஒருவருடைய நற்சாட்சிப் பத்திரத்தில் அந்தப் பதத்தை எழுதினால் அவருக்குக் கிடைக்கவிருந்த உத்தியோகமும் கைநழுவிப் போகும்.

விரைவு வேறு, அவசரம் வேறு என்பது நமக்குப் புதிதன்று. 'பதறாத காரியம் சிதறாது' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஆகையால் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்பிக்கும் பெற்றோர், பதத்தைத் தனியே பிரிக்காமல் அது வழங்கும் வாக்கியத்தோடு சேர்த்தே கற்பிப்பார்களாக.