ஓடியும் வேகம் கூடவில்லையா? மெதுவாக ஓடிப் பாருங்கள்

6 மாதமாக ஓடுகிறீர்கள். வாரத்துக்கு 3 முறை, ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் 5 கிலோமீட்டர். முதல் 2 மாதத்தில் வேகம் கூடியது. பிறகு? எப்போது ஓடினாலும் அதே 30 நிமிடம். போதாக்குறைக்கு முழங்கால் வலி வேறு.

"நமக்கு இவ்வளவுதான் போல" என்று விட்டுவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்க! ஒருவேளை நீங்கள் தேவைக்கு அதிகமான வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கலாம்.

ஏன் முன்னேற்றம் நின்றுவிடுகிறது?

புதிதாக ஓடுவோர் பலரும் எல்லா நாளும் ஒரே வேகத்தில்தான் ஓடுகின்றனர். மூச்சு வாங்கும், ஆனால் அது முழு வேகமும் இல்லை. இரண்டுங்கெட்டான் நிலை. உடல் களைத்துப்போவதால் தூரத்தைக் கூட்ட முடியாது. வேகமாக ஓட நினைக்கும் நாளில் காலில் தெம்பும் இருக்காது.

மெதுவாக ஓடினால் என்ன பயன்?

- இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதல் ரத்தத்தை அனுப்பப் பழகும்.
- தசைகளில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகும்.
- உடல் கொழுப்பை எரித்துச் சக்தி பெறுவதில் தேர்ச்சி பெறும்.

இவற்றுக்குத் தேவை வேகம் அல்ல, நேரம். நியூசிலந்துப் பயிற்றுவிப்பாளர் ஆர்த்தர் லிடியார்ட் முதலில் நீண்டதூர ஓட்டத்தால் அடித்தளம் போடுவார். வேகப் பயிற்சி அதற்குப் பிறகுதான். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவரிடம் பயின்ற பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் மரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றனர்.

எவ்வளவு மெதுவாக?

ஓடும்போது பக்கத்தில் உள்ளவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா? அதுதான் சரியான வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் குறைத்துக்கொள்ளுங்கள். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் எடுப்பவர் 7 நிமிடத்துக்கும் மேல் எடுக்க நேரலாம். நடக்க வேண்டியிருந்தால் நடங்கள், தப்பே இல்லை.

வாரத்துக்கு 4 நாள் ஓடினால் 3 நாள் மெதுவோட்டம். அதில் ஒரு நாள் மட்டும் மற்ற நாள்களைவிடச் சற்று நீண்ட தூரம். மீதமுள்ள 1 நாள் வேகப் பயிற்சி. விளையாட்டரங்கப் பாதையில் 400 மீட்டர் வேகமாக ஓடி, 2 நிமிடம் நடந்து, அதை 5, 6 முறை செய்யலாம்.

அவசரப்பட்டால் என்ன ஆகும்?

இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறத் தொடங்கும். எலும்புக்கும் தசைநாருக்கும் பல மாதங்கள் ஆகும். "அதான் ஓட முடியுதே" என்று தூரத்தைச் சட்டென்று கூட்டும்போதுதான் முன்கால் எலும்பில் வலி வரும், விரிசல்கூட விழலாம். அப்புறம் பல வாரம் ஓடவே முடியாது. அதனால் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். 3 வாரம் கூட்டினால் 4ஆம் வாரம் குறைத்து ஓய்வு கொடுங்கள்.

நம் ஊர் வெயில்?

சிங்கப்பூரில் விடியற்காலையிலும் காற்றில் ஈரப்பதம் அதிகம். வியர்வை எளிதில் ஆவியாகாது, உடல் குளிராது. அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாக உழைக்க வேண்டும்.

எம். ரமேஷன் 1995இல் 2 மணி 24 நிமிடம் 22 விநாடியில் நெட்டோட்டத்தை முடித்துத் தேசியச் சாதனை படைத்தது சியாங் மாயில், டிசம்பரில். சோ ருய் யோங் 2019இல் அதை முறியடித்தது சோலில், மார்ச்சில். இரண்டுமே நம் ஊரைவிடக் குளிர்ந்த சூழல். ஆகவே குளிர்நாட்டில் ஓடும் நண்பரின் நேரத்தோடு உங்கள் நேரத்தை ஒப்பிட்டு மனம் தளராதீர்கள்.

தலைசுற்றல், குமட்டல், வெயிலிலும் உடல் சிலிர்ப்பது ஆகியவை எச்சரிக்கை மணி. உடனே நிறுத்தி நிழலுக்குச் செல்லுங்கள். உடன் ஓடுபவர் குழப்பமாகப் பேசினாலோ மயங்கினாலோ 995ஐ அழைத்து, தண்ணீர் ஊற்றி அவரது உடலைக் குளிரவையுங்கள்.

முன்னேற்றத்தை எப்படி அறிவது?

தினமும் கைக்கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். மாதம் ஒருமுறை அதே பாதையில், அதே நேரத்தில், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடிக் குறித்துவையுங்கள். மூச்சு வாங்காமலேயே நேரம் குறைந்திருந்தால் அதுதான் உண்மையான முன்னேற்றம். ஓராண்டுக் குறிப்பைப் புரட்டினால் வித்தியாசம் தெரியும்.

நாளை பூங்காவில் யாராவது உங்களை முந்திச் செல்வார்கள். போகட்டும் விடுங்க. அடுத்த ஆண்டும் நீங்கள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதுதான் முக்கியம்.