பின்னாலிருந்து வீசும் காற்று

கூரை திறந்த காரில் போகும் கதாநாயகியின் கூந்தல் சினிமாவில் பின்பக்கமாகப் பறக்கும். நிஜத்தில் அப்படிப் பறப்பதில்லை. முதல்முறையாகக் கூரையைத் திறந்து ஓட்டுபவருக்கு, வேகம் 60 கி.மீ.யைத் தொட்டதும் இது புரிந்துவிடும். முடி முன்னால் வந்து கண்ணை மறைக்கும். காற்று நெற்றியில் படாது, பிடரியில் படும். இரண்டு இருக்கைகளுக்கும் நடுவே ஒரு கம்பளி நூலைக் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள். வண்டி எந்தத் திசையில் போகிறதோ அதே திசையில் நூல் நீட்டிக்கொண்டு நிற்கும்.

முகப்புக் கண்ணாடியில் மோதும் காற்று, அதன் சரிவில் ஏறி, மேல்விளிம்பில் வண்டியை விட்டுப் பிரிந்துவிடுகிறது. கூரை இருந்தால் அதன்மேல் ஒட்டி ஓடியிருக்கும். இப்போது ஒட்டுவதற்கு ஒன்றுமில்லை. ஓட்டுபவரின் தலைக்கு மேலே வேகமான காற்று, தோளைச் சுற்றிக் கிட்டத்தட்ட நின்றுபோன காற்று. இவை இரண்டும் உரசும் எல்லை ஒரு நிலையில் நிற்காது. சின்னச் சின்னச் சுழல்களாக உருண்டுகொண்டே, கீழே இருக்கும் காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் இருக்கைகளைச் சுற்றி அழுத்தம் குறைகிறது. அந்தக் குறையை நிரப்ப டிக்கி மூடியின் மேலிருந்து காற்று திரும்பி, இருக்கைகளின் இடைவெளி வழியாக முன்னோக்கிப் பாய்கிறது. பிடரியில் படுவது இந்தக் காற்றுதான்.

இருக்கைகளுக்குப் பின்னால் ஒரு சிறிய வலைத்தடுப்பு வைப்பதன் காரணமும் இதுதான். வலையின் கண்கள் திரும்பி வரும் காற்றைப் பொடிச்சுழல்களாக உடைத்து அதன் வேகத்தைக் கொன்றுவிடுகின்றன. வலையை மாட்டி, பக்கவாட்டுக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டால், இடுப்புக்குக் கீழே காற்று அநேகமாக அசையாது. கால்பக்கம் ஹீட்டரைப் போட்டால் அந்த வெப்பம் அங்கேயே தங்கும். இங்கிலாந்தின் குளிர்காலத்திலும் சிலர் கூரையைத் திறந்து ஓட்டுவதைப் பார்க்கலாம். அவர்களை விசித்திரப் பிறவிகள் என்று நினைக்க வேண்டியதில்லை. காற்று எப்படி ஓடுகிறது என்பதைப் பழகித் தெரிந்துகொண்டவர்கள் அவர்கள்.

இரண்டே இருக்கை, திறக்கும் கூரை, சிறிய உடல். ரோட்ஸ்டர் என்று அழைக்கப்படும் இந்த இனத்தைப் புரிந்துகொள்ள மாஸ்டா எம்எக்ஸ்-5ஐ விட நல்ல வண்டி இல்லை. அமெரிக்கர்கள் இதை மியாட்டா என்பார்கள். 1960களில் இந்த இனத்தின் தாயகம் பிரிட்டன். எம்ஜிபி, ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர், லோட்டஸ் எலான் மூன்றும் 1962இல் வந்தவை. ஓட்டுவதற்கு இனிமையானவை, ஆனால் ஒழுகுவதற்கும் வழியில் நிற்பதற்கும் பேர் போனவை. 1980இல் எம்ஜிபியும் ஸ்பிட்ஃபயரும் நின்றுபோனதோடு அந்த மரபே முடிந்துவிட்டது போலிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் பாப் ஹால் என்ற அமெரிக்கக் கார் பத்திரிகையாளர், மாஸ்டாவின் கெனிச்சி யாமமோட்டோவிடம் ஒரு யோசனை சொல்லியிருந்தார்: அந்தப் பழைய பிரிட்டிஷ் ரோட்ஸ்டரை நீங்கள் ஏன் திரும்பச் செய்யக்கூடாது? பத்தாண்டு கழித்து, 1989 பிப்ரவரியில், சிகாகோ கார் கண்காட்சியில் எம்எக்ஸ்-5 நின்றது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டி தயாரானது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, சூட்கேஸ் ஒன்றை வைத்தாலே டிக்கி நிரம்பிவிடும் ஒரு கார் பத்து லட்சம் விற்றிருக்கிறது என்பதை நான் சிறிய விஷயமாக நினைக்கவில்லை.

கூரையை வெட்டி எடுத்தால் எடை குறையும் என்றுதானே தோன்றும்? சாதாரணக் காரின் கூரையை எடுத்துத் திறந்த வகையாக மாற்றினால் எடை பெரும்பாலும் கூடிவிடும். இதன் காரணத்தை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சமையலறை அலுமினியத் தாள் சுற்றி வரும் அட்டைக்குழலை இரண்டு கையாலும் பிடித்து முறுக்குங்கள். அசையாது. அதே குழலை பிளேடால் நீளவாக்கில் ஒரே ஒரு கீறல் கீறிவிட்டு மறுபடியும் முறுக்கினால், எதிர்ப்பே இல்லாமல் திரும்பும். துளி அட்டையைக்கூட வெளியே எடுக்கவில்லை, ஆனாலும் வலிமை போய்விட்டது. குழலின் ஆரம் அதன் சுவர்த் தடிமனைப் போல் 20 மடங்கு என்றால், அந்த ஒரு கீறலால் முறுக்கைத் தாங்கும் திறன் 1,200இல் ஒரு பங்காகிவிடும் என்கிறது கணக்கு. மூடிய சுற்றில் விசை தடையின்றி வலம் வரும். சுற்று அறுந்ததும் ஒவ்வொரு விளிம்பும் தனியாகப் போராட வேண்டியதுதான்.

கார் வெறும் குழல் இல்லை என்பதால் நிலைமை இவ்வளவு மோசமாகாது. ஆனாலும் தத்துவம் ஒன்றே. கூரை, தூண்கள், தரை எல்லாம் சேர்ந்து ஒரு மூடிய பெட்டி. கூரை போனால் அது திறந்த தட்டு. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது உடல் லேசாக முறுகும். முகப்புக் கண்ணாடியின் சட்டம் நடுங்கும், பின்பார்வைக் கண்ணாடியில் தெரியும் உருவம் அதிரும். இதைத் தடுக்கக் கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிச்சட்டங்களைத் தடிப்பாக்குகிறார்கள். வண்டியின் அடியில் குறுக்குச் சட்டங்கள் போடுகிறார்கள். எடை கூடுவது இதனால்தான்.

எம்எக்ஸ்-5 இந்தச் சிக்கலில் மாட்டாததற்கு ஒரே காரணம், அது முதல் வரைபடத்திலேயே கூரையில்லாத காராகப் பிறந்தது. கியர்பாக்ஸையும் பின் ஆக்சிலின் டிஃபரென்ஷியலையும் ஒரு நீண்ட அலுமினியச் சட்டத்தால் பிணைத்திருக்கிறார்கள். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் இடையில் எதுவும் நெளியாமல் விசை சக்கரத்துக்குப் போகும். 1989இல் ஜப்பானில் விற்ற முதல் வண்டியின் எடை 940 கிலோ. 2015இல் வந்த நான்காம் தலைமுறையின் மிக லேசான வகை 990 கிலோ. நடுவில் ஏர்பேக், மோதல் பாதுகாப்பு விதிகள், மின்னணுச் சாதனங்கள் என்று எத்தனையோ சேர்ந்தும் கூடியது 50 கிலோதான். மூன்றாம் தலைமுறையை வடிவமைத்தபோது பின்பார்வைக் கண்ணாடியைக்கூட எளிமையாக்கி 84 கிராம் குறைத்தார்கள். மற்ற கார்களெல்லாம் ஆண்டுக்காண்டு பெருத்துக்கொண்டே போன காலத்தில் இப்படிக் கிராம் கணக்குப் பார்த்த பொறியாளர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

லேசான வண்டியோடு வாழும்போது எடையைப் பற்றிய உணர்வே மாறிவிடும். பக்கத்து இருக்கையில் 70 கிலோ எடையுள்ள ஒருவர் ஏறினால் வண்டியின் எடை சுமார் 7 சதவீதம் கூடிவிடுகிறது. வளைவில் திரும்பும்போதே அந்த வித்தியாசம் தெரியும். இன்ஜினை முன் ஆக்சிலுக்குப் பின்னால் தள்ளி வைத்து, முதல் தலைமுறையில் பேட்டரியையும் டிக்கிக்குக் கொண்டுபோய், முன்பின் எடையைக் கிட்டத்தட்டச் சரிபாதியாக்கினார்கள். கனமான பாகங்கள் நடுவில் இருந்தால் திரும்பச் சொன்னதும் வண்டி திரும்பும். ஓரங்களில் இருந்தால் தயங்கித்தான் திரும்பும், திரும்பிய பிறகு நிறுத்துவதும் கஷ்டம்.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். முதல் எம்எக்ஸ்-5 இன்ஜினின் திறன் சுமார் 115 குதிரைத்திறன். இன்றைய பல குடும்பக் கார்கள் அதைச் சுலபமாக முந்திவிடும். ஆனாலும் ஓட்டுபவரைக் கேட்டால், பறந்துபோனது போல இருந்தது என்பார். அவர் பொய் சொல்லவில்லை. நம் கண் வேகத்தை நேரடியாக அளப்பதில்லை. சாலையின் மேற்பரப்பிலுள்ள கற்களும் கோடுகளும் நம் பார்வையில் எவ்வளவு விரைவாக வழுக்கிப் போகின்றன என்பதை வைத்துத்தான் மூளை வேகத்தைக் கணிக்கிறது. அந்த வழுக்கலின் வேகம் இரண்டைப் பொறுத்தது: வண்டியின் வேகம், தரையிலிருந்து கண் இருக்கும் உயரம். உயரம் குறையக் குறைய வழுக்கல் கூடும். இந்தக் காரின் மொத்த உயரமே சுமார் 1.23 மீட்டர். ஓட்டுபவரின் கண் தரையிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டரில் இருக்கிறது. ஓர் உயரமான எஸ்யூவியில் அது ஒன்றரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், இங்கே 60 கி.மீ. வேகத்தில் தரை எப்படி ஓடுகிறதோ, அங்கே அப்படித் தெரிய 90 கி.மீ. வேகம் வேண்டும்.

போயிங் 747 விமானத்தில் விமானியின் கண் எட்டு மீட்டருக்கும் மேலே இருக்கும். ஓடுபாதையை நோக்கி விமானத்தை உருட்டிப் போகும்போது அவருக்கு மெதுவாகப் போவதாகவே தோன்றும். கண்ணை நம்பினால் திருப்பத்தில் வேகம் மிஞ்சிவிடும் என்பதால் கருவி காட்டும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே போகப் பயிற்சி தருகிறார்கள். ரோட்ஸ்டர் இதற்கு நேர் எதிர். சட்டம் அனுமதிக்கும் வேகத்துக்குள்ளேயே, யாருக்கும் ஆபத்தில்லாமல், வேகத்தின் முழு மகிழ்ச்சியையும் கொடுத்துவிடுகிறது. 300 கி.மீ. வேகம் போகக்கூடிய கார்களைப் பொதுச்சாலையில் வைத்திருப்பதைவிட இது அறிவார்ந்த ஏற்பாடு என்பது என் உறுதியான கருத்து.

கண்ணாடிக்குள் அடைபட்டுப் போகும்போது சாலையின் தட்பவெப்பம் ஒரே மாதிரி இருப்பதாக நினைக்கிறோம். கூரையைத் திறந்து, மேகமில்லாத இரவில் மலைப்பக்கம் போனால் அந்த எண்ணம் மாறும். தரை தன் வெப்பத்தை வானத்துக்கு இழந்ததும் அதைத் தொட்டிருக்கும் காற்று குளிர்ந்து கனமாகிறது. கனமான காற்று சரிவில் வழிந்து பள்ளங்களில் தேங்கும். சாலை ஒரு தாழ்வில் இறங்கும்போது முகத்தில் திடீரென்று குளிர் அறையும், மேடேறியதும் மறுபடி வெதுவெதுப்பு வரும். மழைக்கு முன்பே மண்வாசனையும் வந்துவிடும். தூரத்தில் விழும் துளிகள் மண்ணில் மோதும்போது சிறு குமிழிகள் உருவாகி, வெடித்து, வாசனையைச் சுமந்த நுண்துளிகளைக் காற்றில் விடுகின்றன. இதை எம்ஐடி ஆய்வாளர்கள் அதிவேகக் கேமராவில் பிடித்து 2015இல் வெளியிட்டார்கள். கூரையை மூட வேண்டிய நேரத்தை மூக்கே சொல்லிவிடும். நான்காம் தலைமுறையில் உட்கார்ந்தபடியே ஒரு கையால் சில நொடிகளில் மூடிவிடலாம். லேசான தூறலுக்கு மூடாமலும் சமாளிக்கலாம். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்வரை, கண்ணாடி விளிம்பில் பிரியும் காற்று துளிகளைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய்விடும். சிக்னலில் நின்றால் நனைய வேண்டியதுதான்.

இன்பத்தோடு கூடவே வரும் இரண்டு தொல்லைகளையும் சொல்லியாக வேண்டும். முதலாவது சத்தம். செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் திறந்த கார்களில் ஒலியை அளந்து 2011இல் வெளியிட்டார்கள். மணிக்கு 120 கி.மீ. வேகத்தில் பெரும்பாலான கார்களில் ஒலி 85 டெசிபெலைத் தாண்டியது. ஒரு நாளில் எட்டு மணி நேரத்துக்கு மேல் கேட்டால் காதுக்குக் கேடு என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் வைத்திருக்கும் எல்லை அது. ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் அந்த நேரம் பாதியாகும். 91 டெசிபெல் என்றால் இரண்டு மணி நேரம்தான். நெடுஞ்சாலையில் நீண்ட பயணம் என்றால் கூரையை மூடிக்கொள்வது, அல்லது கண்ணாடிகளையாவது ஏற்றிக்கொள்வது நல்லது.

இரண்டாவது தண்ணீர். துணிக்கூரை வண்டியில் எத்தனை நேர்த்தியாகத் தைத்தாலும் தண்ணீரை முழுவதுமாகத் தடுக்க முடியாது. எம்எக்ஸ்-5இல் அதற்கு முயலவும் இல்லை. கூரையின் பின்விளிம்பில் வழியும் நீரை ஒரு வாய்க்கால் வாங்கி, இருபுறமும் சீட்பெல்ட் தூண்களுக்குப் பக்கத்திலுள்ள துளைகளில் இறக்கி, குழாய் வழியாகப் பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் விட்டுவிடுகிறது. மரத்தடியில் நிறுத்தும் வண்டியில் இந்தத் துளைகளில் இலைச்சருகும் பூந்தூளும் சேர்ந்து களிமண்ணாக இறுகிவிடும். அப்புறம் தண்ணீர் உள்ளே திரும்பி, கம்பளத்தை நனைத்து, கதவுக்குக் கீழே உள்ள அந்தப் பெட்டிச்சட்டத்துக்குள் போய்த் தேங்கும். கூரையில்லாத உடலை முறுகாமல் தாங்குவதே அந்தச் சட்டம்தான். துரு உள்ளிருந்து தின்னும். வெளியே பெயின்டில் கொப்புளம் தெரியும்போது உள்ளே இரும்பு ஏற்கெனவே போயிருக்கும். பழைய எம்எக்ஸ்-5களைப் பட்டறைக்கு அனுப்பும் காரணங்களில் இன்ஜினைவிட இந்தத் துரு பெரியது.

இப்படி ஒரு பழைய வண்டியை வாங்கப் போகிறீர்கள் என்றால், பானெட்டைத் திறப்பதற்கு முன் இருக்கையின் பின்னாலிருக்கும் கம்பளத்தைத் தூக்கிக் கையை வைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால், கதவைத் திறந்து பின்சக்கரத்துக்கு முன்னாலுள்ள சட்டத்தின் அடிப்பகுதியை விரலால் அழுத்திச் சோதியுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வாங்காதீர்கள். ஏற்கெனவே வைத்திருப்பவரானால், ஆண்டுக்கு இரண்டு முறை வளையக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் கம்பி ஒன்றை அந்தத் துளைகளில் விட்டு, ஒரு குவளை தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். வண்டியின் அடியில் தடையில்லாமல் கொட்டினால் உங்கள் கார் அடுத்த மழைக்குத் தயார்.