இரண்டு சீட்டையும் காட்டுங்கள்

இடுப்பு வலிக்கு நாகர்கோவிலில் ஒரு டாக்டர், மனச்சோர்வுக்குத் திருவனந்தபுரத்தில் இன்னொரு டாக்டர். தெரிந்தவர் கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று எல்லை தாண்டிப் போய் மனநல மருத்துவரைப் பார்க்கிறவர்கள் குமரி மாவட்டத்தில் இருக்கிறார்கள். அந்தச் சீட்டை ஊர் டாக்டரிடம் காட்டவும் கூசுகிறார்கள். அவர்களுடைய கூச்சம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் உயிருக்கு ஆபத்து அந்த மறைப்பில்தான் இருக்கிறது.

வலிக்கு எழுதப்படும் டிரமடால், ஓபியாய்டு வகை மருந்து. வலியைக் குறைப்பதோடு மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளின் வேலையையும் அது கூட்டுகிறது. ஃபுளூஆக்ஸிடின், செர்ட்ராலின், எஸ்சிட்டாலோபிராம் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளும் அதையேதான் செய்கின்றன. இரண்டும் சேரும்போது சிலருக்குச் செரட்டோனின் அளவுமீறிப் போகிறது, வலிப்பும் வரலாம். டிரமடாலைக் கல்லீரலில் உள்ள ஒரு நொதி மாற்றினால்தான் அது வலிக்கு நன்றாகக் கேட்கும். ஃபுளூஆக்ஸிடினும் பராக்ஸிடினும் அந்த நொதியைத் தடுத்துவிடுகின்றன. வலி தணியாது, மாறாத டிரமடால் உடம்பில் தேங்கும். வலி போகவில்லையே என்று நோயாளி இன்னொரு மாத்திரையைப் போட்டுக்கொள்வார்.

“மனசுக்கு நான் ஒரு மாத்திரையும் சாப்பிடுவதில்லை” என்பவர்களும் மாத்திரைப் பையைத் திறந்து பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளியின் பாத எரிச்சலுக்குத் தரும் டுலாக்ஸிடினும், நரம்பு வலிக்கு இரவில் போடச் சொல்லும் அமிட்ரிப்டிலினும் மனச்சோர்வு மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தவை. வறட்டு இருமலுக்கு மெடிக்கலில் வாங்கும் சிரப்பில் டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

1984 மார்ச் 4 இரவு, லிபி சயான் என்ற 18 வயதுப் பெண் காய்ச்சலும் உதறலுமாக நியூயார்க் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மனச்சோர்வுக்கு ஃபெனல்சின் சாப்பிட்டுவந்தவர் அவர். உதறலுக்கு ஓபியாய்டு வகையைச் சேர்ந்த பெத்திடின் ஊசி போட்டார்கள். மறுநாள் காலை இறந்துபோனார். இந்த இரு மருந்துகளின் மோதலே காரணம் என்று பின்னர் பரவலாகக் கருதப்பட்டது.

செரட்டோனின் அளவுமீறினால், புது மருந்தைத் தொடங்கிய அல்லது அளவைக் கூட்டிய ஒரு நாளுக்குள் பெரும்பாலும் அறிகுறி தெரியும்: படபடப்பு, அளவுக்கு மீறிய வியர்வை, கைநடுக்கம், வயிற்றுப்போக்கு, கால் தானாகத் துடிப்பது, நிலைகொள்ளாமை. காய்ச்சல் ஏறினாலோ பேச்சு குழறினாலோ 108ஐ அழையுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும் வேறெங்கு போனாலும் மாத்திரை அட்டைகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டுபோங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு மனச்சோர்வு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது வேறு தொல்லைகளைக் கொண்டுவரும். தெரிந்தே, குறைந்த அளவில், கண்காணிப்போடு இரண்டையும் தருகிற டாக்டர்களும் உண்டு. புற்றுநோயாளி யாரும் பயந்துபோய் வலியைப் பொறுத்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. மார்ஃபினில் இந்தச் செரட்டோனின் சிக்கல் மிகக் குறைவு. ஆனால் எந்த ஓபியாய்டோடும் அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகள் சேர்ந்தால் மூச்சு அடங்கிப்போகலாம். அதை டாக்டரிடம் தனியாகக் கேளுங்கள்.

சட்டமும் உங்கள் பக்கம் இருக்கிறது. உங்கள் மனநல சிகிச்சை விவரத்தை மருத்துவர் வெளியே சொல்லக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம். டிரமடால் 2018 முதல் போதைப்பொருள் சட்டத்தின் கீழும் வருகிறது. சீட்டில்லாமல் அதை விற்கக் கூடாது. மருந்துக் கடைக்காரர் நோயாளி பெயரையும் மருத்துவர் பெயரையும் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். மருந்து மோதல் பற்றி மருந்தாளுநரிடம் கேட்டால் விளக்கவேண்டியது அவர் கடமை. சிகிச்சைப் பதிவுகளை எழுதிக் கேட்டால் மருத்துவமனை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். கட்டணம் கொடுத்துப் பெற்ற சிகிச்சையில் அலட்சியம் நடந்திருந்தால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பக்க விளைவு எதுவானாலும் 1800 180 3024 என்ற இலவச எண்ணில் நோயாளியே தெரிவிக்கலாம்.

கடைசியாக ஒன்று: ஃபுளூஆக்ஸிடினை நிறுத்தியாயிற்று, இனி டாக்டரிடம் சொல்ல வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. நிறுத்திய பிறகும் பல வாரங்கள் அது உடம்பில் தங்கியிருக்கும்.